டார்வினும் பவளத்தீவுகளும்

பேருருவம் உடையனவே பெருஞ்செயல் புரியும் என்று எண்ணுதல் உலகியல்பு. யானையைக் கண்டு வியக்கிறோம். மலையைக் கண்டு வியக்கிறோம். நெல்மணியளவே உடைய ஓர் உயிரை நின்று நோக்குவதில்லை. ஆயினும், அலைகள் ஓயாது வந்து மோதும் நடுக்கடலில், மனிதர் எழுப்பிய எந்தக் கோட்டையினும் பெரிய கற்கோட்டைகளை எழுப்பியிருப்பவை அத்தகைய சிற்றுயிர்களே. அவற்றைப் பவளப் பூச்சிகள் என்று வழங்குகிறோம். அவை எழுப்பிய கோட்டைகளே பவளத்திட்டுகள். அத்திட்டுகளுள் சில, ஆழங்காண இயலாத பெருங்கடலின் நடுவே, வளையல் ஒன்றை நீரில் மிதக்கவிட்டாற்போல வட்டமாகத் தோன்றும். வளையத்தின் வெளியே கருநீலக் கடல் பொங்கி எழும். உள்ளேயோ பசுமை நிறம் கொண்ட காயல், குளம்போல் அமைதியாகக் கிடக்கும். இவ்வளையத்தீவுகள் எவ்வாறு உண்டாயின என்னும் வினா மாலுமிகளையும் அறிஞர்களையும் நெடுங்காலம் மயக்கிற்று. அதற்கு விடை கண்டவர் சார்லஸ் டார்வின்.

டார்வின் என்றவுடன், உயிரினங்களின் தோற்றம் பற்றி 1859ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலே எவர்க்கும் நினைவிற்கு வரும். அந்நூலுக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் முன்னரே, புகழ் ஒரு சிறிதும் இல்லாத இளைஞராக இருந்தபோது, தாம் பெரிதும் மதித்த ஓர் அறிஞரின் கொள்கைக்கு மாறாக அவர் கண்ட விடை இது. அது மெய்யென்று நிறுவப்பட்ட நாளைக் காண அவர் உயிரோடு இல்லை.

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் இங்கிலாந்தில் சுரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பெயர் பெற்ற மருத்துவர். எட்டு வயதிலேயே தாயை இழந்த சிறுவர், பள்ளிப் பாடங்களில் மனம் பற்றாமல், கூழாங்கற்களையும் வண்டுகளையும் தேடித் திரிந்தார். மகனையும் மருத்துவராக்க விழைந்த தந்தையார் அவரை 1825இல் எடின்பரோ நகருக்கு அனுப்பினார். நோயாளிக்கு மயக்கமருந்து அளிக்கும் முறை அக்காலத்தில் இல்லை. அறுவை அறையில் எழுந்த ஓலத்தைக் கேட்டு அஞ்சி ஓடிய டார்வின் மீண்டும் அவ்வறையை மிதிக்கவில்லை. வேட்டையும் நாயுமாகத் திரியும் இம்மகன் குடும்பத்திற்கு இழுக்குத் தேடுவானோ என்று தந்தையார் வருந்தினார். மருத்துவம் வாய்க்காதாயின் சமயகுருவாகட்டும் என்று எண்ணிக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அவரைச் சேர்த்தார்.

அங்கும் வண்டு தேடும் வேட்கை தணியவில்லை. ஒருநாள் பட்டுப்போன மரப்பட்டையை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டு கிடைத்தன. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதாக ஒரு புதுவண்டு தோன்றவே, அதனை விட மனமின்றி, வலக்கையில் இருந்ததை வாயில் இட்டுக்கொண்டார். அது நாவைச் சுடும் நீரைக் கக்க, அதனைத் துப்பினார், மூன்றாவதும் தப்பியோடிற்று. இத்தகைய மாணவரை நகையாடி ஒதுக்காமல், அவர்தம் ஆர்வத்தின் அருமையை உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். அவரே தாவரநூற் பேராசிரியர் ஹென்ஸ்லோ. தென்னமெரிக்கக் கரையை அளந்து படம் வரையப் புறப்பட இருந்த பீகிள் என்னும் கப்பலில், இயற்கையை ஆராயும் இளைஞர் ஒருவர்க்கு இடம் உண்டு என்ற செய்தி வந்தபோது, டார்வின் பெயரை அவர் பரிந்துரைத்தார். தந்தையார் மறுத்தார், தாய்மாமனார் வெட்ஜ்வுட் பரிந்து பேசிய பின்னரே இசைந்தார். 1831ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. டார்வினுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைந்த அப்பயணம் முழுவதும் கடல்நோய் அவரை விடாது வருத்திற்று.

கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் அவருக்கு ஒரு நூலை அன்பளிப்பாகக் கொடுத்தார். சார்லஸ் லயல் என்னும் அறிஞர் எழுதிய நிலநூலின் முதற்பகுதி அது. மலைகளும் பள்ளத்தாக்குகளும் பேரூழியால் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. மழை, ஆறு, அலை, எரிமலை என இன்றும் நம் கண்முன் தொழில்புரியும் ஆற்றல்களே அளவிறந்த காலத்தில் சிறிது சிறிதாக அவற்றை ஆக்கின என்பது அந்நூலின் சாரம். அதனைப் படிக்கலாம், ஆனால் அதிற் கூறும் கொள்கைகளை ஏற்றுக்கொள்ள வேண்டா என்று ஹென்ஸ்லோ அறிவுறுத்தியிருந்தார். டார்வினோ படிக்கப் படிக்க அந்நூலுக்கு ஆட்பட்டார். நேரிற் காணாத லயலே அவருக்கு ஆசிரியர் ஆனார்.

வளையத்தீவுகளைப் பற்றி லயல் ஒரு கருத்துக் கொண்டிருந்தார். கடலுள் மூழ்கிய எரிமலைகளின் வாய் வட்டமாக இருக்குமன்றோ? அவ்வாயின் விளிம்பின்மேல் பவளப் பூச்சிகள் குடியேறிக் கட்டியவையே வளையத்தீவுகள் என்பது அவர் எண்ணம். அதனைப் பலரும் ஏற்றிருந்தனர். பீகிள் கப்பலுக்கு அரசினர் வகுத்தளித்த பணிகளுள்ளும், வட்டமான பவளத்தீவு ஒன்றை அளந்து இக்கருத்தை ஆராய்தல் ஒன்றாக இருந்தது.

அக்கருத்து ஏன் ஐயத்திற்கு இடமாயிற்று என்பதை அறியப் பவளப் பூச்சியின் வாழ்க்கையைச் சிறிது அறிதல் வேண்டும். பூச்சி என்னும் பெயர் வழக்கால் வந்தது. உண்மையில் அது பூச்சியினத்தைச் சார்ந்ததன்று. கரையில் ஒதுங்கும் சொறிமீனுக்கு உறவினது. அதனை நெடுங்காலம் செடி என்றே கருதினர். அது விலங்கே என்று 18ஆம் நூற்றாண்டில் எடுத்துரைத்த பெய்சொனல் என்னும் பிரெஞ்சு மருத்துவரை அக்கால அறிஞர் பலர் நம்பவில்லை. மெல்லிய சிறு பை போன்றது அதன் உடல். மேற்புறத்தில் ஒரு வாய். வாயைச் சுற்றி நுண்ணிய விரல்கள். அவ்விரல்களில் உள்ள நச்சு ஊசிகளால் நீரில் மிதந்து வரும் சிற்றுயிர்களைக் குத்தி வாய்க்குள் தள்ளும். கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தன் அடியில் கிண்ணம் போன்ற கூட்டை அது கட்டுகிறது. பின் தன் உடலிலிருந்தே முகைவிட்டு ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகுகிறது. கூட்டின்மேல் கூடு எழ எழ, கீழுள்ளவை வெறுங்கல்லாகிவிட, மேற்பரப்பில் மட்டும் உயிர் மெல்லிய தோல்போற் படர்ந்திருக்கும். உருண்டைக் கல்லாய் வளரும் இனங்கள் ஆண்டொன்றுக்கு ஒரு விரற்கடை அளவுகூட வளர்வதில்லை. மான்கொம்புபோல் கிளைப்பவை அதனினும் விரைந்து வளரும். ஆண்டில் குறித்த சில இரவுகளில் பல இனங்கள் ஒருங்கே தம் கருக்களை நீரில் உதிர்க்கும். அவற்றிலிருந்து பிறக்கும் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து சென்று, வன்மையான பாறையொன்றில் பற்றிக்கொண்டால் அங்கே புதுக்குடி தோன்றும். நவமணிகளுள் ஒன்றாக நாம் போற்றும் செம்பவளம் இதற்கு உறவினதே எனினும் வேறினம். அது திட்டுக் கட்டுவதில்லை.

திட்டுக் கட்டும் பவளப் பூச்சிக்கு வெப்பநாட்டுக் கடல் வேண்டும். சேறு கலவாத தெளிந்த நீர் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக ஒளி வேண்டும். ஒளி வேண்டுவதன் காரணம் டார்வின் காலத்தில் எவர்க்கும் தெரியாது. பூச்சியின் உடலினுள்ளே கண்ணுக்குப் புலப்படாத பாசியுயிர்கள் குடியிருக்கின்றன என்று பின்னாளில் அறிந்தனர். அவை கதிரொளியைக் கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும்பகுதியைத் தமக்கு இடம் தந்த உயிருக்கே வாடகைபோல் அளிக்கின்றன. நீர் அளவுமீறிச் சூடேறினால் இவ்வுறவு முறிந்து பாசிகள் வெளியேறும். பவளம் வெளுத்துப் பட்டினியால் மடியும். 1998ஆம் ஆண்டில் இலட்சத்தீவுகளிலும் நம் மன்னார் வளைகுடாவிலும் இங்ஙனம் வெளுத்து அழிந்த பவளம் மிகப் பல. ஒளி புகாத ஆழத்தில் திட்டுக் கட்டும் பவளம் வாழாமைக்கு இப்பாசிகளே காரணம்.

காரணம் அறியாவிடினும் அளவை மாலுமிகள் அறிந்திருந்தனர். உயிருள்ள திட்டுப் பவளம் இருபது முப்பது பாகத்திற்குக் கீழே காணப்படுவதில்லை. ஒரு பாகம் என்பது ஆறு அடி. அவ்வாறாயின், வளையத்தீவு ஒவ்வொன்றின் அடியிலும் நீர்மட்டத்திற்குக் கீழே 180 அடிக்குள் ஓர் எரிமலையின் வாய் சொல்லிவைத்தாற்போல் வந்து நிற்றல் வேண்டும். உலகில் எந்த மலைத்தொடரின் சிகரங்கள் அனைத்தும் ஒரே உயரத்தில் நின்று காட்டியிருக்கின்றன? மேலும், மாலத்தீவுகளில் சுவாதிவா என்னும் வளையம் ஒருபுறம் 44 மைலும் மறுபுறம் 34 மைலும் அகன்றது. அத்துணை அகன்ற வாயையுடைய எரிமலையை யார் கண்டார்? இவ்வையங்கள் டார்வின் உள்ளத்தில் எழுந்தன. ஐயம் எழுதல் எளிது; அதனைத் தீர்க்கும் விடை காணுதலே அரிது. அவ்விடையை அவருக்குக் காட்டியது கடலன்று, நிலம்.

1835ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள், சில்லி நாட்டின் வல்டிவியா என்னும் ஊரருகே காட்டில் அவர் படுத்து இளைப்பாறிக் கொண்டிருந்தார். திடுமென நிலம் அதிர்ந்தது. இரண்டு நிமிட நேரமே நீடித்த அந்நடுக்கம் அவருக்கு நெடும்பொழுதாகத் தோன்றிற்று. உறுதிக்கே உவமையாகக் கூறப்படும் நிலம் காலடியில் தெப்பம்போல் அசைந்தது. சில நாட்கள் கழித்துக் கப்பல் கன்செப்சியான் நகரை அடைந்தபோது, அங்கே நின்ற வீடு ஒன்றுமில்லை. இடிபாடுகளுக்கிடையே அவர் கடற்கரையை உற்று நோக்கினார். விரிகுடாவைச் சுற்றிலும் நிலம் இரண்டு மூன்று அடி உயர்ந்திருந்தது. அண்மையிலிருந்த ஒரு தீவில், பாறையைப் பற்றியவாறே செத்து நாறிய சிப்பிகள் நீர்மட்டத்திற்குப் பத்தடி மேலே இருப்பதைப் பிட்ஸ்ராய் கண்டார். அடுத்த திங்களில் ஆண்டிஸ் மலையைக் கடந்த டார்வின், ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடப்பதைக் கண்டார். நிலம் சிறிது சிறிதாக, எண்ணற்ற முறை உயர்ந்து மலையாயிற்று என்பது அவருக்கு ஐயமறத் தெளிவாயிற்று.

ஓரிடத்தில் நிலம் உயருமாயின், பிறிதோரிடத்தில் கடலடி தாழ்தலும் இயல்பன்றோ? இவ்வெண்ணம் தோன்றிய அளவில் பவளத்தீவின் புதிர் அவிழ்ந்தது. உண்மையான பவளத்திட்டு ஒன்றையேனும் கண்ணாற் காணுமுன்னரே, தென்னமெரிக்காவின் மேலைக் கரையில் இருந்தவாறே, அவர் தம் கொள்கையை முழுமையாக வகுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அக்கொள்கை வருமாறு: பெருங்கடலில் எரிமலை ஒன்று எழுந்து தீவாகிறது. அதன் கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் பவளம் குடியேறி, தீவிற்குக் கரைகட்டினாற்போல் வளர்கிறது. இது கரையொட்டிய திட்டு. பின் கடலடி மெல்ல மெல்லத் தாழத் தீவும் உடன் தாழ்கிறது. பவளமோ தாழ்வதற்கு ஈடாக மேல்நோக்கி வளர்கிறது. அலை மோதும் வெளிவிளிம்பில் தெளிந்த நீரும் இரையும் மிகுதியாதலின் அங்கே வளர்ச்சி மிகும், உட்புறத்தில் குறையும். ஆகவே, குறுகிக்கொண்டே போகும் தீவிற்கும் திட்டிற்கும் இடையே அகழிபோல் நீர் புகுகிறது. திட்டு மதில்போல் விலகி நிற்கிறது. இஃது அரண்திட்டு. இறுதியில் மலையின் உச்சியும் நீருள் மறைகிறது. மலை மறைந்த இடத்தில் காயலும், அதனைச் சுற்றிப் பவள வளையமும் எஞ்சுகின்றன. அதுவே வளையத்தீவு. இதனைக் குறிக்கும் அட்டோல் என்னும் சொல் மாலத்தீவு மக்களின் மொழியிலிருந்தே பிறமொழிகளுக்குச் சென்றது. மூன்று வேறு பொருள்களாகத் தோன்றியவை ஒரே தீவின் இளமை, நடுவயது, முதுமை என மூன்று பருவங்களாயின. கடலடி ஏன் தாழ்கிறது என்பதை அவர் அறியார். கடலடிப் பாறைத்தளம் வெப்பம் ஆற ஆறச் சுருங்கித் தாழ்கிறது என்பது 1960ஆம் ஆண்டிற்குப் பின்னரே தெளிவாயிற்று.

எண்ணத்தில் கண்டதைக் கண்ணாற் காணும் வாய்ப்பு அவ்வாண்டு நவம்பரில் வந்தது. கப்பல் தாகிதித் தீவை அடைந்தது. மலைச்சரிவில் ஏறி நின்று டார்வின் கடலை நோக்கினார். எதிரே மூரியா என்னும் தீவு, அலைநுரை வெண்கோடாகச் சூழ, அக்கோட்டிற்கும் கரைக்கும் இடையே அமைதியான நீர் தவழ, சட்டமிட்டு மாட்டிய ஓவியம்போல் விளங்கிற்று. ஓவியம் மட்டும் கீழே தாழ்ந்து மறைந்துவிடுமாயின் சட்டமே எஞ்சும். அதுவே வளையத்தீவு என்று அவர் உள்ளம் உவந்தது.

உவகை வேறு, சான்று வேறு என்பதை அவர் அறிவார். 1836ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்தியப் பெருங்கடலில் கீலிங் தீவுகளைக் கப்பல் அடைந்தது. கொக்கோஸ் தீவுகள் என்றும் அவற்றைக் கூறுவர். நேரில் இறங்கி ஆராய்வதற்கு அவருக்குக் கிடைத்த வளையத்தீவு அஃதொன்றே. கிடைத்த நாட்கள் பன்னிரண்டிற்கும் குறைவு. அந்நாட்களில் ஒன்றையும் அவர் வீணாக்கவில்லை. தென்னைமரங்கள் செறிந்த அம்மணல்மேடு எவ்விடத்தும் அலைமட்டத்திற்குச் சில அடிகளே உயர்ந்திருந்தது. அங்கே தோண்டிய கிணறுகளில் நன்னீர் ஊறுவதையும், அந்நீர் கடல் ஏற்றவற்றத்தோடு ஏறி இறங்குவதையும் குறித்துக்கொண்டார். பவளத்தைக் கடித்துத் தின்னும் மீன்களை அறுத்துப் பார்த்து, அவற்றின் குடலில் சுண்ணாம்புச் சேறு நிறைந்திருப்பதைக் கண்டார். திட்டைக் கட்டும் உயிரும் உண்டு. அதனை அரைத்து மணலாக்கும் உயிரும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே நிகழும் ஓயாத போட்டியின் மிச்சமே நாம் காணும் தீவு. அலைகள் இடியென முழங்கி உடையும் வெளிவிளிம்பை அணுகுதல் உயிருக்கே இடராகும். கடல் வற்றி அமைதியாக இருந்த வேளையில் இருமுறை மட்டுமே அவரால் அங்குச் செல்ல முடிந்தது. நான்கடி முதல் எட்டடி அகலமுள்ள உருண்டைப் பவளங்கள் அங்கே உயிரோடு நின்றன; அலையின் தாக்குதலே அவற்றிற்கு வாழ்வாக இருந்தது.

ஆழத்தை அறியப் பிட்ஸ்ராய் ஒரு வழியைக் கையாண்டார். ஈயக் குண்டின் அடியில் கொழுப்பைப் பூசிக் கயிற்றில் கட்டிக் கடலுள் இறக்குவர். தரையில் மணல் இருந்தால் கொழுப்பில் ஒட்டிவரும். உயிர்ப்பவளம் இருந்தால் மணலின்றி அதன் வடிவம் மட்டும் முத்திரைபோற் பதிந்துவரும். பத்துப் பாகம் வரை கொழுப்பு மணலின்றித் தூய்மையாகப் பவளத்தின் பதிவோடு வந்தது. மேலும் ஆழத்தில் இறக்க இறக்க மணல் மிகுந்து பதிவு குறைந்தது. முப்பது பாகத்தை நெருங்குமுன்னரே மணலன்றி வேறில்லை. கரையிலிருந்து 2,200 கசம் விலகிச் சென்று 7,200 அடிக் கயிற்றை இறக்கியபோது தரையே தட்டவில்லை. மேலே 180 அடிக்குள் வாழும் உயிர்; கீழே ஆழங்காணாப் படுகுழி; இரண்டிற்கும் இடையே நிற்பது மலையின் சரிவினும் செங்குத்தான கற்சுவர். அடித்தளம் தாழ்ந்தாலன்றி இது நிகழுமாறு இல்லை.

1836ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் டார்வின் தாயகம் திரும்பினார். லயலைச் சந்தித்துத் தம் கொள்கையைக் கூறினார். லயல் அப்போது நிலநூலாருள் தலையாயவர். அச்சேறிப் பரவிய தம் கருத்தை முன்பின் அறியாத ஓர் இளைஞன் மறுக்கக் கேட்டால் சினங்கொள்ளுதல் இயல்பே. அவர் சினங்கொள்ளவில்லை. தம் எரிமலைவாய்க் கொள்கையைக் கைவிட மனம் நொந்தது உண்மை, எனினும் கைவிட்டார். கைவிட்டதோடு அமையாமல், அவ்விளைஞரை அறிஞர் அவையிலும் ஏற்றினார். 1837ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இலண்டன் நிலநூற் கழகத்தில் டார்வின் தம் கட்டுரையைப் படித்தார். இவ்வரலாற்றில் லயலின் பங்கு டார்வினின் பங்கிற்குச் சிறிதும் குறைந்ததன்று.

கட்டுரையை நூலாக விரிக்க அவர்க்கு இருபது திங்கள் உழைப்பு வேண்டியிருந்தது. பசிபிக் பெருங்கடலைப் பற்றிக் கிடைத்த பயணநூல்களையெல்லாம் படித்தார். கடற்படங்கள் பலவற்றை ஒப்பிட்டார். உலகப் படமொன்றில் வளையத்தீவுகளுக்குக் கருநீலமும், அரண்திட்டுகளுக்கு வெளிர்நீலமும், கரையொட்டிய திட்டுகளுக்குச் செந்நிறமும் தீட்டினார். இலட்சத்தீவுகளும் மாலத்தீவுகளும் அப்படத்தில் இடம்பெற்றன. தீட்டி முடித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. உயிருள்ள எரிமலைகள் செந்நிறப் பகுதிகளில் மிகுந்திருந்தன. நீலப் பகுதிகளில் இல்லை எனத்தக்க அளவே இருந்தன. நிலம் உயரும் இடமும் தாழும் இடமும் வெவ்வேறாக வகுபட்டு நின்றன. இதற்கிடையே 1839இல் எம்மா அம்மையாரை மணந்தார். அவரைக் கடைசிவரை வருத்திய நோயும் அந்நாட்களிலேயே தொடங்கிற்று. நூல் 1842இல் வெளிவந்தது. அவ்வாண்டே இலண்டனை விட்டு டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினார். எஞ்சிய நாற்பது ஆண்டுகளும் அங்கேயே கழிந்தன.

எதிர்ப்பும் வந்தது. சாலஞ்சர் என்னும் கப்பலில் 1872 முதல் 1876 வரை கடல்களை ஆராய்ந்த ஜான் மர்ரே, கடலடி தாழ வேண்டுவதே இல்லை என்றார். மிதக்கும் நுண்ணுயிர்களின் ஓடுகள் மழைபோல் ஓயாது கீழே வீழ்ந்து, கடலுள் மூழ்கிய மேடுகளை உயர்த்துகின்றன. மேடு போதிய அளவு உயர்ந்தபின் பவளம் அதன்மேல் கட்டுகிறது என்பது 1880இல் அவர் வெளியிட்ட கொள்கை. அமெரிக்க அறிஞர் அலெக்சாண்டர் அகாசிஸ் அதன் பக்கம் சாய்ந்து, பின்னர்ப் பல ஆண்டுகள் கடல்தோறும் சென்று டார்வினுக்கு மாறான சான்றுகளைத் திரட்டினார். மர்ரேயின் கொள்கை எளிதில் தள்ளத்தக்கதன்று. நுண்ணோடுகள் கடலடியில் படிதல் உண்மையே. மேலிருந்து நோக்குவார்க்கு இரு கொள்கையும் ஒன்றுபோலவே பொருந்தின. வேறுபாடு அடியிலே இருந்தது. டார்வின் கூறுவது மெய்யாயின், ஆழமற்ற நீரில் வாழும் பவளத்தின் கல்லே பன்னூறு அடி கீழ்வரை இருத்தல் வேண்டும்.

முதுமையும் நோயும் சூழ்ந்த நிலையிலும் டார்வின் இதனைத் தெளிவாக உணர்ந்திருந்தார். 1881ஆம் ஆண்டு மே மாதம் அவர் ஒரு மடல் எழுதினார். எழுதியது தம் அன்பர்க்கன்று. மாற்றுக் கொள்கையினராகிய அகாசிஸுக்கே. தம் கருத்துத் தவறாயின் அது விரைவில் வீழ்வதே நன்று என்று அதிற் குறித்தார். பெருஞ்செல்வர் எவரேனும் முன்வந்து, பசிபிக் வளையத்தீவு ஒன்றில் ஐந்நூறு அறுநூறு அடி ஆழத்திற்குத் துளையிட்டுக் கல்லை எடுத்துவரச் செய்தால் நலமாகும் என்னும் தம் விருப்பத்தையும் எழுதினார். மறு ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் விரும்பிய துளையை இங்கிலாந்தின் அரச கழகத்தார் பசிபிக் கடலின் புனபூதித் தீவில் 1896இல் தொடங்கினர். முதலாண்டு மணல் சரிந்து முயற்சி வீணாயிற்று. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியப் பேராசிரியர் எட்ஜ்வொர்த் டேவிட் தலைமையில் மீண்டும் முயன்றனர். 1898இல் துளை 1,114 அடி ஆழத்தை எட்டிற்று. வந்ததெல்லாம் பவளக் கல்லும் சுண்ணாம்புமே. டார்வின் வென்றார் என்றனர் ஒருசாரார். திட்டின் விளிம்பிலிருந்து உடைந்து சரிந்த கற்குவியலையே துளைத்தீர்கள், அடிப்பாறை எங்கே என்றனர் மற்றொரு சாரார். வழக்கு முடியவில்லை. இதனிடையே வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் முந்நூறு அடிக்கு மேல் இறங்கிப் பின் ஏறியிருக்கிறது. இறங்கியபோது வெளிப்பட்ட திட்டுகளின் நடுப்பகுதியை மழைநீர் கரைத்துக் குடைந்தது. ஆதலின் காயலின் வடிவிற்குத் தாழ்தல் ஒன்றே காரணமாகாது. இதனை டார்வின் கருதவில்லை.

பின்னர்த் துளையிட்டவர்கள் அறிவு ஒன்றையே நாடிச் சென்றவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர் பசிபிக் கடலின் பிகினி, எனிவெடாக் என்னும் வளையத்தீவுகளை அணுகுண்டுச் சோதனைக்கு இடமாகக் கொண்டனர். அங்கு வாழ்ந்த மக்கள் வேற்றிடங்களுக்கு அகற்றப்பட்டனர். 1947இல் பிகினியில் 2,500 அடிக்கு மேல் துளைத்தும் பவளச் சுண்ணாம்பே வந்தது, அடிப்பாறை தட்டவில்லை. 1952ஆம் ஆண்டு எனிவெடாக்கில் இரண்டு துளைகள் இட்டனர். அவ்வாண்டு நவம்பரிலேயே ஹைட்ரஜன் குண்டுச் சோதனை ஒன்றால் அவ்வளையத்தின் தீவுகளுள் ஒன்று சுவடின்றி அழிந்தது. அதற்குச் சில திங்கள் முன்பு துளைக்கும் கருவி ஓராயிரம், ஈராயிரம், மூவாயிரம் அடி என இறங்கிக்கொண்டே சென்றது. ஒவ்வோர் ஆழத்திலும் மேலே வந்தவை ஆழமற்ற நீரில் வாழ்ந்த பவளமும் சிப்பியும் சுண்ணாம்புப் பாசியுமே. மிக ஆழத்தில் கிடைத்தவை ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. நாலாயிரம் அடியையும் கடந்தபின் கருவியின் ஒலி மாறிற்று. வெண்ணிறச் சுண்ணாம்பு முடிந்து, கருநிறமான வன்கல் மேலே வந்தது. அஃது எரிமலைப் பாறை. டார்வின் மறைந்து அப்போது எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.